வானத்து அளவும் வயல்வெளிச் சான்றும்

பூமியின் நிலப்பரப்பு முழுவதையும் சில நாட்களுக்கு ஒருமுறை செயற்கைக்கோள்களால் படம் பிடித்து, அந்தப் படங்களை யாரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் வைக்கும் ஏற்பாடு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருந்துவருகிறது. காடு எவ்வளவு அழிந்தது, ஏரி எந்த ஆண்டில் வற்றியது, சம்பா எத்தனை ஏக்கரில் நடப்பட்டது, நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியது என்னும் கேள்விகளுக்கு ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சென்று எழுதப்பட்ட பதிவேடுகளே விடையளித்தன. இன்று அவற்றில் பலவற்றுக்கான விடை செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கு, பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டிலும் வெள்ள நிவாரணத்திலும் காடுகள் குறித்த அரசின் அறிவிப்புகளிலும் பங்கு வகிக்கத் தொடங்கிவிட்டது. எனவே, இத்தரவுகள் எவ்வாறு ஆராயப்படுகின்றன, ஆய்வின் முடிவைச் சரிபார்க்கும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது என்னும் கேள்விகளை விண்வெளி வல்லுநர்களிடம் மட்டும் விட்டுவிடுவது பொருந்தாது. அளக்கப்படும் நிலத்தில் வாழ்பவர்களுக்கும் அந்தக் கேள்விகளில் உரிமை உண்டு.

செயற்கைக்கோள் அனுப்புவதைப் படம் என்று சொல்லிப் பழகியிருந்தாலும், அது எண்களால் ஆன ஓர் அட்டவணை. நிலப்பரப்பு சிறு சிறு சதுரங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் மேலே திரும்பி வரும் ஒளியின் அளவு வெவ்வேறு அலைநீளங்களில் தனித்தனி எண்களாகப் பதிவாகிறது. இந்தச் சதுரமே படப்புள்ளி அல்லது பிக்சல் எனப்படுகிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசைக் கோள்களில் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தையும், ஐரோப்பாவின் சென்டினல்-2 கோள்களின் முக்கிய அலைவரிசைகளில் 10 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தையும் குறிக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை ஒளிச்சேர்க்கைக்காக உறிஞ்சிக்கொள்கிறது; கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைத் தாவரச் செழுமைக் குறியீடாக 1970களிலிருந்து அறிவியலாளர்கள் பயன்படுத்துகின்றனர். இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப் போற்றப்படும் பிஷரோத் ராம பிஷரோட்டி, 1970ஆம் ஆண்டையொட்டிக் கேரளத் தென்னைகளின் வேர் வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் பதிவுசெய்து கண்டறிய முனைந்ததும் இலையின் இந்த இயல்பை நம்பித்தான்.

ஆனால், எண்கள் வந்து சேர்ந்த மாத்திரத்தில் ஒப்பிடத்தக்கவை ஆகிவிடுவதில்லை. ஒரே வயலை ஜனவரியிலும் ஜூனிலும் எடுத்த இரு படங்களில் சூரியனின் கோணம் வேறு. இடையிலிருந்த காற்றின் ஈரமும் தூசும் வேறு. கோள் சற்றே விலகிச் சென்றிருந்தால் பிக்சலின் எல்லையும் வேறு. வளிமண்டலத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். மேகத்தையும் மேகத்தின் நிழலையும் அடையாளம் கண்டு விலக்க வேண்டும். இரு படங்களின் பிக்சல்களும் தரையில் ஒரே இடத்தில் வந்து அமரும்படி பொருத்த வேண்டும். இவையெல்லாம் முடிந்து, கையில் எடுத்த உடனே ஒப்பிடத்தக்க நிலையில் இருப்பதையே ஆய்வுக்கு ஆயத்தமான தரவு என்கின்றனர். வெளியில் தெரியாத இந்த உழைப்பில் நேரும் சிறு பிழை, மேக நிழலை ஏரியாகவும் அறுவடை முடிந்த நிலத்தை வறட்சியாகவும் காட்டிவிடக்கூடும்.

இத்துறையின் வரலாற்றில் பெரிய திருப்பம் எதுவென்று கேட்டால், புதிய கோள் ஒன்றை ஏவியதைவிட, விலையை நீக்கிய ஒரு நிர்வாக முடிவையே சுட்ட வேண்டும். லேண்ட்சாட் வரிசையின் முதல் கோள் 1972 ஜூலையில் ஏவப்பட்டது; அதில் இடம்பெற்ற பல்லலை வருடியை வடிவமைத்தவர் விர்ஜினியா நார்வுட் என்னும் பொறியாளர். 1984இல் அமெரிக்கா இத்திட்டத்தின் விற்பனையைத் தனியார் கையில் ஒப்படைக்கச் சட்டம் இயற்றியபின், ஒரு காட்சியின் விலை, அதாவது ஏறத்தாழ 185 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு படத்தின் விலை, 4,000 டாலரைத் தாண்டியது. 1990களில் திட்டம் மீண்டும் அரசிடம் வந்து, 1999இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-7இன் படம் 600 டாலருக்கு விற்கப்பட்டபோதும், ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரால் ஆண்டுக்கு நாலைந்து படங்களுக்குமேல் வாங்க இயலவில்லை. மேகமற்ற ஒரு நாளின் படத்தைத் தேர்ந்து வாங்கி, பத்தாண்டு முந்தைய இன்னொரு படத்துடன் ஒப்பிட்டு முடிவு சொல்வதே அக்கால ஆய்வுமுறையாக இருந்தது. விற்பனை உச்சத்தில் இருந்த ஆண்டிலும் சுமார் 25,000 படங்களே விலைபோயின. 2008இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் தன் களஞ்சியம் முழுவதையும் இலவசமாக்கியதும், இறக்கப்பட்ட படங்களின் எண்ணிக்கை ஓரிரு ஆண்டுகளுக்குள் பத்து லட்சத்தைக் கடந்தது. பிரேசில், சீனாவுடன் சேர்ந்து ஏவிய தன் கோள்களின் படங்களை அமெரிக்காவுக்கு முன்பாகவே, 2004இல், தன் மக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டிருந்தது என்பதையும் இங்கு மறக்கலாகாது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் ஏவிவரும் சென்டினல் கோள்களின் தரவுகளைத் தொடக்கத்திலிருந்தே கட்டணமின்றி வழங்கிவருகிறது.

விலை நீங்கியதால், கேட்கப்படும் கேள்விகளே மாறின. மேகம் மூடிய படத்திலும் மூடாத மூலைகள் உண்டு என்பதால், எந்தப் படத்தையும் ஒதுக்காமல் அனைத்தையும் அடுக்கி, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நீண்ட காலவரிசையை உருவாக்க முடிந்தது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஹான்சன் குழுவினர், 6,54,000க்கும் மேற்பட்ட லேண்ட்சாட் படங்களைக்கொண்டு 2000 முதல் 2012 வரை உலகக் காடுகளில் நேர்ந்த மாற்றத்தை வரைந்து 2013இல் வெளியிட்டனர். அக்காலத்தில் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் மரப்பரப்பு இழக்கப்பட்டதும், 8 லட்சம் சதுர கிலோமீட்டர் புதிதாக உருவானதும் அதில் தெரியவந்தன. தனியொரு கணினி பதினைந்து ஆண்டுகள் செய்ய வேண்டிய அந்தக் கணக்கை, கூகுளின் புவிப் பொறித் தளத்தில் இணைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகள் சில நாட்களில் முடித்தன. ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வாளர்கள் 30 லட்சம் படங்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட உலக நீர்ப்பரப்பு வரைபடம், 1984க்கும் 2015க்கும் இடையே ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் நிலையான நீர்ப்பரப்பு மறைந்ததையும், அதைப்போல் இரு மடங்கு பரப்பில் புதிய நீர்நிலைகள், பெரும்பாலும் அணைகளின் தேக்கத்தால், தோன்றியதையும் காட்டியது. இழப்பின் பெரும்பங்கு மேற்காசியாவிலும் மத்திய ஆசியாவிலும் நேர்ந்திருந்தது. தரவைக் கணினிக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டு, தரவு இருக்கும் இடத்துக்கே கணக்கீட்டைக் கொண்டுசெல்லும் முறை இவ்வாறுதான் வேரூன்றியது.

இவையெல்லாம் அறிவியலுக்குக் கிடைத்த ஆதாயம். சமூகத்துக்கு ஆதாயம் எப்போது கிடைக்கிறது என்பதை அறிய பிரேசிலைப் பார்க்க வேண்டும். அந்நாட்டின் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான இன்பே, அமேசான் காட்டில் ஆண்டுதோறும் வெட்டப்படும் பரப்பை 1988 முதல் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டுவருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கு, வெட்டி முடித்தபின் வரும் செய்தி என்பதால், 2004இல் டெட்டர் என்னும் விரைவு எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. அதன் பிக்சல் 250 மீட்டர் அகலம் கொண்டது, நுணுக்கம் குறைவு, ஆனாலும் வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதே காவல் பணியாளர்களை அந்த இடத்துக்கு அனுப்ப அது போதுமானதாக இருந்தது. இதைவிட முக்கியமானது, ஆண்டு வரைபடங்கள் எண்ணாக மட்டுமன்றி, எந்த இடத்தில் எவ்வளவு என்று எவரும் பார்க்கும் வடிவில் இணையத்தில் வைக்கப்பட்டது. பத்திரிகையாளர், அரசு வழக்கறிஞர், வங்கி, வெளிநாட்டுச் சோயா வணிகர் என ஒவ்வொருவரும் ஒரே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச முடிந்தது. அதிகமாகக் காடழித்த நகராட்சிகளின் பட்டியல் வெளியிடப்பட்டது. சட்டத்துக்கு இணங்காத பண்ணைகளுக்கு வேளாண் கடன் தடுக்கப்பட்டது. 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டுக் காடழிப்பு 2012இல் 4,571 சதுர கிலோமீட்டராகச் சரிந்தது. இதற்குக் கோள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பொருள்களின் விலைச் சரிவும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் விரிவாக்கமும் சேர்ந்தே இயங்கின. ஆனால், பொதுவெளியில் வைக்கப்பட்ட வரைபடம் இல்லாமல் பிற நடவடிக்கைகளுக்குப் பிடிமானம் இருந்திருக்காது.

வெட்டியவர்களும் கற்றுக்கொண்டார்கள். டெட்டரின் கண்ணுக்கு எளிதில் படாத, 25 ஹெக்டேருக்கும் குறைந்த சிறு துண்டுகளாக வெட்டும் போக்கு பெருகியது. ஆகவே, கூடுதல் நுணுக்கம் உள்ள கோள்களுக்கு அந்த எச்சரிக்கை முறையை மாற்ற வேண்டிவந்தது. அளவீடு என்பது ஒருமுறை நிறுவிவிட்டு ஓய்ந்துவிடும் வேலையன்று என்பதற்கு இது போதிய சான்று.

இன்பே நிறுவனம் சந்தித்த பெரிய சோதனை 2019இல் வந்தது. காடழிப்பு அதிகரிப்பதாக எச்சரிக்கைத் தரவுகள் காட்டியபோது, அன்றைய அதிபர் ஜயீர் போல்சொனாரோ அந்த எண்கள் பொய் என வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் கூறினார். இன்பேயின் தலைவராக இருந்த இயற்பியலாளர் ரிக்கார்டோ கால்வாவ் தம் நிறுவனத்தின் கணக்கை வெளிப்படையாக ஆதரித்துப் பேசி, அடுத்த சில நாட்களில் பதவியை இழந்தார். ஆனால், தலைவரை நீக்க முடிந்ததே தவிர தரவை நீக்க முடியவில்லை. ஏனெனில், மூலப்படங்களும் கணக்கிடும் முறையும் முந்தைய ஆண்டுகளின் வரைபடங்களும் ஏற்கெனவே உலகின் பல ஆய்வகங்களில் இருந்தன. எவரும் தாமே மறுகணக்கிட்டுப் பார்க்க முடிந்தது. அவ்வாண்டின் முழுக் கணக்கு முடிந்தபோது காடழிப்பு 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஒரு நாட்டின் அளவீட்டு நிறுவனத்துக்கு வெளிப்படைத்தன்மையைவிட வலிமையான காவல் வேறில்லை என்பதை இந்நிகழ்வு மெய்ப்பித்தது. அந்த வெளிப்படைத்தன்மை இந்தியாவில் எந்த அளவுக்கு உள்ளது என்பதே இக்கட்டுரை எழுப்ப விழையும் கேள்வி.

காடுகளையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்னும் திட்டத்தில் வெளியிட்டுவரும் அறிக்கை, செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிடப்படுவது. 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி நாட்டின் காட்டுப் பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், நிலப்பரப்பில் 21.76 விழுக்காடு. இந்த எண்ணைப் படிக்கும் முன்பு, அதன் வரையறையைப் படிக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில், மரங்களின் தழைக்கூரை பத்து விழுக்காட்டுக்கு மேல் நிழல் விரிக்கும் நிலம் அனைத்தும், அது யாருக்குச் சொந்தமானாலும், எந்த மரமானாலும், காட்டுப் பரப்பாகக் கொள்ளப்படுகிறது. தென்னந்தோப்பும் யூகலிப்டஸ் தோட்டமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடும் இந்தக் கணக்கில் ஒரே வகை. வானிலிருந்து தழையின் அடர்த்தியை அளக்கலாம். அது எத்தகைய காடு என்பதைப் பிக்சல் தானாகச் சொல்லாது. வரையறையில் மறைவு ஏதுமில்லை. அறிக்கையிலேயே அது அச்சாகியுள்ளது. ஆனால், எந்தப் பிக்சல் காடாகக் கொள்ளப்பட்டது என்னும் வரைபடம், எவரும் கட்டணமின்றி இறக்கிக் களத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வடிவில் பொதுவில் வைக்கப்படாதவரை, அந்த விழுக்காட்டைப் பற்றிய விவாதம் நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் இடையே சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

செயற்கைக்கோள் தரும் எண் எந்த அளவில் உண்மை, எந்த அளவில் பொருளற்றுப்போகிறது என்பதற்கு வடமேற்கு இந்தியாவின் நிலத்தடி நீர் தெளிவான எடுத்துக்காட்டு. 2002இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து ஏவிய கிரேஸ் என்னும் இரட்டைக் கோள்கள் படமே எடுக்கவில்லை. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற அவை, தங்களுக்கிடையே உள்ள தூரம் நுண்ணிய அளவில் கூடிக் குறைவதை அளந்தன. கீழே நிலத்தின் நிறை கூடினால் ஈர்ப்பு கூடும், நீர் குறைந்தால் ஈர்ப்பு குறையும் என்பதால், அந்தத் தூர மாற்றமே நீரின் கணக்காக மாறியது. பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் பகுதிகளில் 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் இழக்கப்பட்டதாக மேத்யூ ரோடெலும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் கண்டறிந்தனர். அவ்வளவு பெரிய உண்மையைச் சொன்ன அதே கோள்களால், லூதியானா மாவட்டத்தின் ஓர் ஊர்க் கிணறு பற்றி எதுவும் சொல்ல இயலவில்லை. அவற்றின் பார்வை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமான பரப்புகளையே பிரித்தறிந்தது. ஊர் அளவிலான விடைக்கு, மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளந்துவரும் கண்காணிப்புக் கிணறுகளையே நாட வேண்டியிருக்கிறது. கோளும் கிணறும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் இடத்தில்தான் நம்பத்தக்க அறிவு பிறக்கிறது.

இந்தியா இத்துறைக்குப் புதியதன்று. ஹைதராபாத் அருகே ஷாத்நகரில் அமைந்த தரைநிலையம் 1979 முதல் லேண்ட்சாட் தரவுகளைப் பெற்றது; 1988 மார்ச்சில் ஐஆர்எஸ்-1ஏ ஏவப்பட்டபின், சொந்தத் தொலையுணர்வுக் கோள்களை இடைவிடாது இயக்கும் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்றாயிற்று. ஆயினும், கோள்களில் காட்டிய தாராளம் தரவுகளில் நெடுங்காலம் காட்டப்படவில்லை. 2001, 2011 ஆண்டுகளின் தரவுக் கொள்கைகள் விலையையும் பாதுகாப்பு அனுமதிகளையும் முன்னிறுத்தின; அதன் விளைவாக, இந்திய மாணவர்கள் பலர் தங்கள் மாவட்டத்தை ஆராய அயல்நாட்டுப் படங்களை நாடுவது வழக்கமாயிற்று. 2021ஆம் ஆண்டின் புவிசார் தரவு வழிகாட்டுதல்களும், 5 மீட்டரும் அதற்கு மேற்பட்ட பிக்சல் அளவும் கொண்ட தரவுகளை இலவசமாக வழங்க வகைசெய்த 2023ஆம் ஆண்டின் விண்வெளிக் கொள்கையும் இந்நிலையை மாற்றத் தொடங்கியுள்ளன. தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் இன்று எவரும் பதிவுசெய்து படங்களைப் பெறலாம். தாமதமான நல்ல முடிவு. ஆனாலும் நல்ல முடிவே.

படங்கள் திறந்தபின் எஞ்சியிருக்கும் தடை எது என்பதைக் காவிரிப் படுகையின் நெல்வயல் தெளிவாகக் காட்டும். சம்பாப் பயிர் வளரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். வானம் பெரும்பாலான நாட்கள் மூடியிருப்பதால், ஒளியால் படமெடுக்கும் கோள்கள் அப்போது பயனற்றுப் போகின்றன. இதற்கு மாற்றாக, தானே நுண்ணலையை அனுப்பி, அது திரும்பி வருவதைப் பதிவுசெய்யும் ரேடார் கோள்கள் மேகத்தையும் இரவையும் பொருட்படுத்தாமல் இயங்குகின்றன. நீர் கட்டிச் சேறடித்த வயலின் பரப்பு சமதளமாக இருப்பதால், அதன்மேல் சாய்வாக விழும் நுண்ணலை கோளுக்குத் திரும்பாமல் மறுபுறம் சென்றுவிடும். படத்தில் வயல் கறுப்பாகத் தெரியும். நட்ட நாற்று வேர்பிடித்துத் தூர் கட்டத் தொடங்கியதும், நீர்ப்பரப்பில் பட்ட அலை தண்டில் மோதித் திரும்புவதால், பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை வரும் படங்களில் அந்த வயல் படிப்படியாக வெளுத்து, கதிர் வரும் பருவத்தையொட்டி உச்சத்தை அடையும். இந்த ஏற்றத்தின் தொடக்க நாளிலிருந்து நடவு நாளையும், அதன் போக்கிலிருந்து பயிரின் நிலையையும் கணிக்க முடியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் பிற அமைப்புகளோடும் இணைந்து இம்முறையில் மாநிலத்தின் நெற்பரப்பை வரைந்து, காப்பீட்டுப் பணிக்குப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவந்துள்ளது. தமிழகம் பெருமைகொள்ளத்தக்க பணி இது.

அப்பணியின் நுட்பமான இடர்கள் தரையில் இருக்கின்றன. கடைமடைப் பகுதிகளில் ஆற்றுநீர் வந்து சேரும்வரை காத்திராமல் புழுதியில் நேரடியாக விதைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அங்கே நீர் கட்டிய கறுப்புத் தொடக்கமே இராது என்பதால், நடவு வயலை மட்டும் கற்ற கணினி அந்த வயலை நெல்லாகவே கொள்ளாமல் போகலாம். கடலோர இறால் குட்டையும் கறுப்பாகவே தெரியும். நில உடைமையின் அளவு இன்னொரு சிக்கல். 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையாளரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது 7,500 சதுர மீட்டர். பிரேசிலில் டெட்டர் பயன்படுத்திய 250 மீட்டர் பிக்சல் ஒன்றுக்குள் இத்தகைய எட்டு விவசாயிகளின் நிலம் அடங்கிவிடும். லேண்ட்சாட்டுக்கு அந்த நிலம் எட்டு பிக்சல். சென்டினல்-2க்கு 75 பிக்சல். வரப்பிலும் வாய்க்காலிலும் வீழ்ந்து கலப்படமாகும் பிக்சல்களைக் கழித்தால் எண்ணிக்கை மேலும் குறையும். ஆயிரம் ஹெக்டேர் சோயா வயல்களுக்காக உருவான முறையை இங்கே அப்படியே பொருத்துவது அறிவுடைமை ஆகாது.

காப்பீட்டில் இந்த நுணுக்கம் பணமாக மாறுகிறது. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்பு பெரும்பாலும் தனி வயலுக்கன்றி, வருவாய் கிராமம் போன்ற ஓர் அலகு முழுவதற்கும் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. முந்தைய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை ஒட்டி வரையறுத்த உத்தரவாத விளைச்சலைவிட அவ்வாண்டின் விளைச்சல் குறைந்தால்தான் இந்த இழப்பீடு. அவ்வாண்டின் விளைச்சலை அறியப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தப்படுகிறது: குலுக்கல் முறையில் தேர்ந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, கயிறு கட்டி, அதற்குள் உள்ள கதிரை மட்டும் அறுத்து, அடித்து, எடைபோட்டு எழுதுகிறார்கள். முக்கியப் பயிருக்கு ஓர் ஊருக்கு நான்கு பரிசோதனைகள் குறைந்தபட்சம் என்பது விதி. 2023 காரிப் பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும், செயற்கைக்கோள் வழியே கணித்த விளைச்சலுக்குக் குறைந்தது 30 விழுக்காடு எடை தரும் முறையும் அறிமுகமானது. கயிறு கட்டிய அந்தச் சதுரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர். சென்டினல்-2இன் ஒரு பிக்சலில் கால் பங்கு. கோளின் கணிப்பைப் பயிற்றுவிப்பதும் சரிபார்ப்பதும் இத்தகைய சதுரங்களே என்னும்போது, எந்த வயலில், வரப்பிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்த நாளில் அறுக்கப்பட்டது என்ற விவரம் பிழையாக இருந்தால், மேலே எத்தனை கோள்கள் சுற்றினாலும் கணிப்பு தேறாது.

இதைத்தான் தரைச் சான்று என்கிறோம்: வானத்து அளவை உறுதிசெய்யவும் திருத்தவும் களத்தில் திரட்டப்படும் நேரடிப் பதிவு. இன்று பெரிதும் பேசப்படும் இயந்திரக் கற்றல் முறைகளும் இதன்றி இயங்கா. பெயர் சூட்டப்பட்ட ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளிலிருந்தே கணினி கற்கிறது. இது குறுவை, இது தாளடி, இது உளுந்து, இது தரிசு என்று சொல்லித்தரும் பதிவுகள் எந்த நாட்டிலிருந்து மிகுதியாகக் கிடைக்கின்றனவோ, அந்த நாட்டு வயலையே அது நன்றாக அறியும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேளாண் துறைகள் வெளியிடும் விரிவான பயிர் வரைபடங்கள் ஆய்வாளர்களுக்கு எளிதில் கிடைப்பதால், உலகப் பயிர் வரைபடங்கள் அந்தப் பகுதிகளில் துல்லியமாகவும், துண்டு துண்டான ஆசிய, ஆப்பிரிக்க வயல்களில் தடுமாறியும் இருப்பதில் வியப்பில்லை. தமிழ்நாட்டிலோ கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பயிரை எழுதும் அடங்கல் உண்டு. பயிர் அறுவடைப் பரிசோதனைப் பதிவுகள் பல பத்தாண்டுகளாக உண்டு. உலகில் பல நாடுகளுக்கு வாய்க்காத இத்தகைய சான்றுகள் இருந்தும், ஆய்வுக்குப் பயன்படும் வடிவில் பொதுவில் வராமல் அலுவலகங்களிலேயே தங்கிவிடுவது வேதனைக்குரியது.

ஆய்வின் பயன் சாமானியரை நேராகச் சென்றடைய முடியும் என்பதற்கு மீனவர்களுக்கான அறிவிப்பு ஒரு நல்ல முன்மாதிரி. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம், கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் நீரின் பச்சையத்தையும் கோள்களிலிருந்து கணித்து, மீன்கள் திரளக்கூடிய இடங்களைக் கடலோர மொழிகளில் அறிவிக்கிறது. வலை வீசியதும் அறிவிப்பு சரியா தவறா என்பது மீனவருக்கே தெரிந்துவிடுகிறது. சரிபார்க்கும் உரிமை இயல்பாகவே அவர் கையில் இருக்கிறது. காப்பீட்டுக் கணக்கிலும் காட்டுக் கணக்கிலும் குறைவாக இருப்பது அதுதான்.

இனி வரவிருக்கும் தரவின் அளவு, இந்தக் குறையை இன்னும் பெரிதாக்கக்கூடியது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், அமெரிக்காவின் ஒரு ரேடாரையும் இந்தியாவின் ஒரு ரேடாரையும் ஒரே கோளில் சுமந்து, பூமியின் ஏறத்தாழ முழு நிலப்பரப்பையும் பன்னிரண்டு நாட்களுக்கு இருமுறை அளக்க வடிவமைக்கப்பட்டது. நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரை சில மில்லிமீட்டர் அமிழ்வதுகூட அதன் அளவீட்டுக்குள் அடங்கும். நாளொன்றுக்குச் சுமார் 80 டெராபைட் தரவு அதிலிருந்து உருவாகும் என எதிர்பார்க்கப்படுகிறது. இதை ஒரு கல்லூரியின் இணைய இணைப்பில் இறக்கி ஆராய்வது நடவாத காரியம். 2021 டிசம்பரில் ஐரோப்பாவின் ரேடார் கோள்களான சென்டினல்-1 இரட்டையரில் ஒன்று பழுதானபோது, அடுத்த கோள் 2024 டிசம்பரில் ஏவப்படும்வரை மூன்று ஆண்டுகள் அத்தரவைப் பயன்படுத்துவோர் ஒரே கோளை நம்பி இருந்ததை எண்ணினால், சொந்த ரேடார் கோள்களின் அருமை புரியும். ஆனால், கோள் நம்முடையதாக இருந்து கணக்கிடும் வசதி மட்டும் அயல்நாட்டு வணிக நிறுவனங்களின் மேகக் கணிமைத் தளங்களில் இருக்குமானால், அந்நிறுவனம் விலையை மாற்றும் நாளில் நம் ஆய்வும் நின்றுவிடும். ஆஸ்திரேலியா தன் படக் களஞ்சியம் முழுவதையும் காலவரிசையாக அடுக்கிய தரவுக் கனசதுரத்தை அரசுச் செலவில் நிறுவி, எவரும் பயன்படுத்தும்படி விட்டிருக்கிறது. அதே வழியில் ஆப்பிரிக்கக் கண்டத்துக்கும் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. இந்தியாவுக்கு அது எட்டாத ஒன்றல்ல.

ஒன்றிய அரசு செய்ய வேண்டியது, வேளாண் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய பொதுக் கணிமை வசதியைத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் தரவுகளுக்கு அருகிலேயே அமைப்பதும், வன ஆய்வு நிறுவனத்தின் வரைபடங்களை முழுமையாகத் திறந்துவிடுவதும் ஆகும். தமிழ்நாடு அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பயிர் அறுவடைப் பரிசோதனை நடந்த வயல்களின் இடம், நாள், எடை ஆகிய விவரங்களையும், அந்தந்த வருவாய் கிராமத்துக்குச் செயற்கைக்கோள் கணித்த விளைச்சலையும், விவசாயிகளின் பெயரை விலக்கி, இழப்பீடு முடிவாகும் முன்பே ஊராட்சி அலுவலகப் பலகையிலும் இணையத்திலும் வெளியிட மாநில அரசுக்கு எந்தப் புதிய கோளும் தேவையில்லை. ஆட்சேபிக்க விவசாயிக்கு இரண்டு வாரம் அவகாசம் தந்து, ஆட்சேபம் வந்த ஊர்களில் மறு அளவீடு செய்யவும், அந்த மறு அளவீட்டைப் பல்கலைக்கழகத்தின் கணினி முறையைத் திருத்தப் பயன்படுத்தவும் ஓர் அரசாணை போதும். வரும் சம்பா அறுவடைக்கு முன்பாக அந்த ஆணை வெளிவர வேண்டும்.